பாப்பாவின் ஞானஸ்நான கவுன்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

ஞாயிறன்று பாப்பாவுக்கு ஞானஸ்நானம். வெள்ளை உடுப்பு கொண்டுவருவது ஞானத்தாயின் முறை. ஞானத்தாயாக நிற்கச் சம்மதித்த என் நாத்தனார் ஸ்டெல்லா மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை. அவள் வீட்டுக்காரருக்கு லாரி ஓட்டம் இல்லை. வெறுங்கையோடு வரக் கூசுகிறாள். நானே வாங்கிக் கொடுத்தால் இன்னும் கூசுவாள்.

போன மாதம் எங்கள் தெரு ரெஜினா அக்காவின் குழந்தை கோயிலில் போட்டிருந்த கவுன் அத்தனை அழகு. இவ்வளவு ஆடம்பரமா என்று மனதுக்குள் குறை பேசினேன். ஆண்டவர் மன்னிக்கட்டும். அதுபோல மலிவாகக் கிடைக்குமா என்று இன்று அவரிடம் போய்க் கேட்டேன். சிரித்துவிட்டார்.

"வாங்குனதுன்னு நெனச்சியா? இதோட ஆறு புள்ளைங்க போட்டாச்சு சாமி. அரை நாள் போடற துணிக்கு ஆரு அவ்வளவு காசு குடுக்கறது? ஞானத்தாய் வந்து வாங்கிட்டுப் போவாங்க, தொவச்சு எங்கிட்டத் திருப்பிக் குடுப்பாங்க, அப்புறம் அடுத்த ஞானத்தாய்கிட்டப் போகும்."

"அப்ப எங்கிட்டக் குடுங்கக்கா."

"உனக்கு எதுக்கு? உன் நாத்தனார வரச்சொல்லு. அவ கையிலதான் குடுப்பேன்."

இதை அப்படியே ஸ்டெல்லாவுக்கு வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். அரை மணியில் அவளே கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள்.

"அடுத்த புள்ளைக்கு நாந்தான் தொவச்சுக் குடுக்கோணுமா அண்ணி?"

"நீதான். கறையோட குடுத்தா ரெஜினா அக்கா உடமாட்டாங்க."

"சரி, நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வாரேன்."

மாதாவே, நன்றி. அவள் வருகிறாள்.