பாலத்தில் மாற்றிக்கொண்ட சாவி

ஜூலை 11, வியாழன்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு எழுதுகிறேன். பதினாலு மைல். வில்லோ ஆற்றுப் பாதையை இந்த வயதில் ஒரே நாளில் முடிக்கிறவர்கள் எங்கள் ஊரில் நானும் மார்லிஸும்தான். வழக்கம்போல நான் கீழ்முனையில் காரை விட்டு ஏறினேன். அவள் மேல்முனையில் பிக்கப் வண்டியை விட்டு இறங்கினாள். நடுவே தொங்குபாலத்தில் சந்தித்து, சாப்பிட்டு, சாவிகளை மாற்றிக்கொண்டு அவரவர் வழியே நடந்தோம். அவள் வண்டியை நான் ஓட்டி வந்தேன், என் காரை அவள். சாயங்காலம் என் வாசலில் மறுபடி மாற்றிக்கொண்டோம். பதினோரு வருஷமாக இப்படித்தான்.

காலையில்தான் போனில் பேசியிருப்போம். ஆனாலும் ஏழு மைல் தனியாக நடந்து போய்ப் பாலத்தில் அவள் தொப்பியைப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம்.

ஹக்கிள்பெர்ரி இன்னும் காய்தான். அடுத்த வாரம் பழுத்துவிடும்.

"அந்தப் பழத்துல உனக்கு அப்படி என்னடி? எனக்கு ஒண்ணு தின்னா ரெண்டு நாளைக்குப் பல்லுல மாட்டிக்கிட்டு உயிரை வாங்குது," என்கிறாள்.

ஜூலை 18, வியாழன்

கோபத்தில் எழுத்து கோணுகிறது. பாலத்தில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டே சொல்கிறாள் — வீட்டை விற்றுவிட்டாளாம். செப்டம்பரில் மினசோட்டாவுக்குத் தம்பி ஆர்டனோடு இருக்கப் போகிறாளாம்.

"எப்ப முடிவு பண்ண?"

"மார்ச்சுல. உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு வெர்னா. இதோ, இந்த மூஞ்சியத்தான் பாக்க வேண்டியிருக்கும்னு."

மார்ச்! அதற்குப் பிறகு எத்தனை தடவை பார்த்தோம், எத்தனை பேசினோம்?

"போறவங்க தாராளமாப் போகலாம். என்கிட்ட எதுக்கு உத்தரவு?" என்று என் சாவியை அவள் மடியில் போட்டேன். அவளுடையதை எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள். திரும்பவில்லை.

அவள் வண்டி என் வாசலில் நிற்கிறது. வந்து எடுத்துக்கொள்ளட்டும். நானாகக் கூப்பிடப் போவதில்லை.

ஜூலை 19

வரவில்லை. கோபப்பட வேண்டியது நான். அவள் எதற்கு முறுக்கிக்கொள்கிறாள்?

ஜூலை 20

பக்கத்து வீட்டு ரூபி கேட்டாள்: "உங்க காரு எங்க?"

"மார்லிஸ்கிட்ட இருக்கு. வீம்பு அடங்கினதும் கொண்டுவருவா."

இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

காலை எட்டரைக்கு வனக்காவலர் கஸ் போன் செய்தார்.

"வெர்னாவா? அப்பாடா. உங்க காரு மூணு நாளா கீழ்முனையில அப்படியே நிக்குது. உங்களைத் தேட ஆள் அனுப்ப இருந்தேன்."

என்னை.

ஜூலை 22

கிடைத்துவிட்டாள். பாலத்துக்கு ஒன்றரை மைல் கீழே, பாதையை விட்டு விலகிச் சரிவில். உயிர் இல்லை. இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. அந்த இடத்தில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. ஆற்றுச் சத்தத்தில் கத்தினாலும் பாதையில் போகிறவர்களுக்குக் கேட்டிருக்காது.

ஜூலை 25

என் சாவியை வாங்கிக்கொள்ளப் போனேன். கஸ் அவள் பையைப் பிரித்துக் காட்டினார். காலித் தண்ணீர் பாட்டில். சாண்ட்விச் டப்பா நிறைய ஹக்கிள்பெர்ரி, நசுங்கிப் போய்.

அவள் தின்னமாட்டாள். எனக்காகப் பறிக்கத்தான் சரிவில் இறங்கியிருக்கிறாள். சமாதானத்துக்கு.

"விழுந்ததும் போயிட்டாளா?" என்று கேட்டேன்.

கஸ் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருந்திருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் டிவி முன்னால் உட்கார்ந்து பீச் பழம் தின்றுகொண்டிருந்தேன். ஐயோ, ஒரு போன். ஒரே ஒரு போன் போட்டுத் திட்டியிருக்கக் கூடாதா நான்?

ஜூலை 27

அடக்கம் முடிந்தது. ஆர்டனுக்கு அவள் காதுகள் அப்படியே.

"அன்னிக்கு அக்கா வரலைன்னதும் கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். எடுக்கலை."

பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. "நீங்களாவது கூப்பிட்டீங்களே," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை.

அவள் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு நாளை ஊருக்குப் போகிறார்.

ஆகஸ்ட் 9

ஆர்டனுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். கூப்பிடவில்லை, கோபத்தில் இருந்தேன், மூன்று நாள் சும்மா இருந்தேன். அவ்வளவுதான் கடிதம். அதற்கு எட்டுத் தாள் கிழித்தேன்.

செப்டம்பர் 3

பதில் இல்லை.

நவம்பர் 14

பனி. பாதையை மூடிவிட்டார்கள். பதில் இல்லை. என்ன எழுதுவார், பாவம்.

ஜூலை 14

ஆர்டன் போன் செய்தார். ஒரு வருஷம் கழித்து.

"வியாழக்கிழமை அக்கா வண்டியில வர்றேன். மேல்முனையில விட்டுட்டு எறங்குறேன். பன்னெண்டு மணிக்குப் பாலத்துக்கு வந்துடுங்க."

வைத்துவிட்டார்.

ஜூலை 17, வியாழன்

எனக்கு முன்பே வந்திருந்தார். வழியில் அந்தச் சரிவருகே நான் நிற்கவில்லை. நின்றால் மேலே ஏறியிருக்க மாட்டேன். இருவரும் சாப்பாட்டைப் பிரிக்கவில்லை.

"கடிதத்தைப் படிச்சேன்," என்றார். "கோபம் இன்னும் போகலை. அதையும் சொல்லிடணும்ல."

"போக வேண்டாம்," என்றேன்.

அவள் விழுந்த இடத்தைக் கேட்டார். பெரிய பைன் மரம் சாய்ந்திருக்கும், இடதுகைப் பக்கம் என்றேன். பிறகு கையை நீட்டினார். அவள் சாவி. என்னுடையதைக் கொடுத்தேன்.

"அஞ்சரைக்குள்ள உங்க வீட்டுக்கு வந்துடுவேன். வரலைன்னா காத்திருக்காதீங்க. கஸ்ஸைக் கூப்பிடுங்க."

5.10: வந்து சேர்ந்தேன். அவள் வண்டியை அதே இடத்தில் நிறுத்தினேன்.

5.30: காணோம். அவருக்குப் போட்டேன், போன் போகவில்லை.

5.32: கஸ்ஸைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். ஆள் அனுப்புகிறாராம்.

5.50: தெருமுனையில் என் கார் திரும்புகிறது.