ரூனேவுக்கு ஊற்றிய காப்பி

லூலியோ, 2 நவம்பர் 1980

அன்புள்ள பிர்கிட்டுக்கு அம்மா எழுதுவது.

பனி விழ ஆரம்பித்துவிட்டது. நேற்று இங்கெலாவின் கல்லறையில் விளக்கு ஏற்றினேன். உன் அக்கா போய் ஒரு வருஷமாகியும் சாப்பிட உட்காரும்போது கை இரண்டு தட்டு எடுக்கிறது.

நீங்கள் பெண்களெல்லாம் சேர்ந்து அரசாங்கத்துக்குக் கொடுக்கிற மனுவில் அவள் கதையைச் சேர்க்காதே, கண்ணு. அவள் வீட்டுக்காரர் ரூனே ஞாயிறுதோறும் காப்பிக்கு வருகிறார், அழுகிறார். எனக்கும் வேறு யார் இருக்கிறார்கள்? படியில் தவறி விழுந்தாள் என்றுதானே டாக்டரும் எழுதினார்?

உன் அம்மா

ஸ்டாக்ஹோம், 9 நவம்பர் 1980

அம்மா,

விழுவதற்கு ஒரு மாதம் முன்னால் அவன் அடித்தான் என்று அக்கா போலீசில் புகார் கொடுத்தாள். "கட்டினவனை ஜெயிலுக்கு அனுப்பிட்டு ஊர்ல எப்படிடி நடப்பே?" என்று கேட்டு, புகாரைத் திரும்ப வாங்க வைத்தது நீ. மனைவி வேண்டாமென்றால் போலீஸ் விட்டுவிடும். அந்தச் சட்டத்தை மாற்றத்தான் நாங்கள் தெருவில் நிற்கிறோம். அக்கா பெயரைச் சேர்த்துவிட்டேன். உன் பெயரைச் சேர்க்க மனம் வரவில்லை.

அவனுக்கு அங்கே காப்பி கிடைக்கிற வரைக்கும் நான் வரமாட்டேன்.

பிர்கிட்

லூலியோ, 16 மார்ச் 1982

பிர்கிட் கண்ணு,

நீ பதில் போடுவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

உங்கள் சட்டம் வந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் புகார் சொல்லலாமாம், அடிபட்டவளே மறுத்தாலும் வழக்கு நடக்குமாம். அன்றைக்கே இது இருந்திருந்தால், புகாரைத் திரும்ப வாங்க இங்கெலாவை நான் இழுத்துப்போயும் பலித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ரூனே, இப்போது தன்னோடு இருக்கிற மோனா என்ற பெண்ணைக் கூட்டி வந்தான். சர்க்கரைக்குக் கை நீட்டினாள். மணிக்கட்டு கன்னிப்போயிருந்தது.

"என்னம்மா இது?"

"நாய் கயித்தை இழுத்திடுச்சு."

ரூனே சிரித்தான். "எந்த நாய்டி? அத்தைக்குச் சொல்லேன்."

காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் போலீசுக்கு போன் செய்தேன்.

"பைத்தியமா அத்தை? இவளே இல்லைன்னு சொல்லிடுவா!"

மோனா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிடுங்கம்மா." நான் இங்கெலாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதே வார்த்தைதான், பிர்கிட். வந்தவர்களிடம் நான் மாற்றிச் சொல்லவில்லை. அவனைக் கூட்டிப்போனார்கள்.

மோனா இரண்டு நாளாக என்னோடு இருக்கிறாள். இங்கே இருக்கப் பயப்படுகிறாள். நாளை ரயிலில், அடிபட்ட பெண்களுக்கு நீங்கள் நடத்துகிற இல்லத்துக்கு அனுப்புகிறேன். முதலில் சாப்பிட ஏதாவது கொடு.

என்னைத் தெய்வம் என்கிறாள். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ சொல்லிவிடு.

அம்மா