மூங்கில் வீட்டுக்காரர்கள்

ஏப்ரல் 3, 2000
தங்கை ஓவியாவின் ஆறாம் வகுப்புக்கு ப்ராஜெக்ட். 1893 சிகாகோ உலகக் கண்காட்சி. செய்யப்போவது அவள் இல்லை, நான். "அக்கா, யூ ஆர் ஹோம் எனிவே." ஆமாம், வீட்டில்தான் கிடக்கிறேன். தம்பி இனியன் பிறந்ததும் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். "அவன் நடக்கட்டும், அப்புறம் போலாம்" என்றார் அப்பா. இப்போது ஓடுகிறான்.

ஏப்ரல் 8
தெர்மகோலில் அரண்மனைகள். மின்சாரத்துக்கு ஒன்று, இயந்திரங்களுக்கு ஒன்று, பெண்களுக்கென்றும் ஒன்று. ராட்சச ராட்டினத்துக்குத் துடைப்பக் குச்சி. நிஜ அரண்மனைகளும் பளிங்கு இல்லையாம், சாந்துப் பூச்சுதான். எங்கள் வீடும் அப்படித்தான். விருந்தாளி வந்தால் எல்லாரும் சிரிப்போம்.

ஏப்ரல் 11
ஜாவாக்காரர்களைக் கொண்டுவந்து மூங்கில் வீடுகளில் குடிவைத்தார்களாம். அவர்கள் வேலை செய்வதையும் ஆடுவதையும் கூட்டம் டிக்கெட் வாங்கிப் பார்த்ததாம். அவர்கள் என்ன நினைத்தார்கள்? லைப்ரரிப் புத்தகத்தில் அது மட்டும் இல்லை.

ஏப்ரல் 14
நாளை ஓவியாவின் பள்ளியில் கண்காட்சி. அம்மா என் பட்டுப்பாவாடையை இஸ்திரி போடுகிறாள். எனக்கு எதற்கு?
"எடிசன் டவுன் கலாவதி ஆன்ட்டி வர்றாங்க அம்மிணி. அவங்க பையனுக்கு கிரீன் கார்டு இருக்குது. சித்திரை பொறந்துடுச்சு, சும்மா பாத்துக்கட்டும். கல்யாணம் அடுத்த வருசந்தானே."
வீட்டுக்கு வந்து பெண் பார்த்தால் அமெரிக்காவிலும் நம்மவர்கள் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். பிடிக்காமல் போனால் கேவலம். தெர்மகோல் அரண்மனைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. என்ன புத்தி!
பள்ளிக்கூடம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "அதையே புடிச்சுத் தொங்காத" என்றார் அப்பா.
ச்சீ. ஒருத்தரையும் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 15
ஆன்ட்டி ராட்டினத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் கால் முதல் தலை வரை பார்த்தார்.
"நல்ல உசரம். என்ன படிக்கிறே கண்ணு?"
அம்மா முந்திக்கொண்டாள். "ட்வெல்த் முடிக்கப்போறாளுங்க."
"பொய்யிங்க ஆன்ட்டி. டென்த்தோட நிறுத்திட்டாங்க. தம்பிய வளத்துட்டு இருக்கேன்."
என் குரலா அது?
"ஏனுங் பவளம், இப்படிங்களா?" என்று அம்மா பக்கம் திரும்பினார் ஆன்ட்டி.
காரில் அப்பா: "அத்தனை பேர் முன்னால மானத்தை வாங்கிட்டியே."

ஏப்ரல் 16
அம்மா பட்டுப்பாவாடையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

ஏப்ரல் 23
ஆன்ட்டி ஃபோன் செய்தார். படித்த பெண்ணாகத்தான் பார்க்கிறார்களாம். அம்மா அழுதாள். அப்பா அவளிடம் கத்தினார்: "ரெண்டு வருசம் ஸ்கூலுக்கு அனுப்பித் தொலை. ஹைஸ்கூல் டிப்ளமா இல்லாம இங்க எவன் கட்டுவான்?"
எனக்காக இல்லை. அடுத்துப் பார்க்க வருகிறவர்களுக்காக. இருக்கட்டும்— போவேன்.

செப்டம்பர் 7
பள்ளியில் முதல் நாள். "அப்பாவுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டுப் போ" என்றாள் அம்மா. சொல்லவில்லை. இனியன் என் பையைப் பிடித்துக்கொண்டு அழுதான். விரல்களைப் பிரித்து அவனை அம்மாவிடம் கொடுத்தேன். படியிறங்கும்போதும் அழுகை கேட்டது. நிற்கவில்லை.