மலைப்பாதையின் குறுக்கே ஒரு கதவு

அன்பு மகள் செயுனுக்கு,

அங்கே பனி கொட்டத் தொடங்கியிருக்கும், அறை சூடாக இருக்கிறதா, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் இருக்கிறாயா. நாங்கள் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவேன், இந்தத் தடவை அந்த வரி கைக்கு வரவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். அப்பா படுக்கையில் இருக்கிறார். தொலைபேசியில் சொல்ல வாயெடுத்தால் வேறு எதையோ பேசி வைத்துவிடுகிறேன், அதனால்தான் உனக்கு அனுப்பும் பெட்டியில் கருவாட்டுக்கும் மிளகாய்ப் பொடிக்கும் நடுவில் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். இந்த வருஷக் கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோசை நான் மட்டும் உட்கார்ந்து உப்புப் போட்டேன், கொஞ்சம் கரிப்பாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நம் சந்து முனையில் நீ விளையாடிய சிறுவர் பூங்காவில் ஊஞ்சல் சங்கிலி துருவேறி அறுந்துபோனது, நகராட்சி ஆட்கள் வந்து சறுக்குமரத்தையும் சேர்த்து மஞ்சள் நாடாவால் சுற்றிவிட்டுப் போனார்கள், வசந்தத்தில் சுற்றிய நாடா இன்னும் அப்படியே கிடக்கிறது. பூங்காத் துறைக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண், "புதுசா ஜனம் வர்ற பக்கம்தாம்மா இந்த வருஷம் பூங்கா போடுறோம், பழைய சந்தெல்லாம் அடுத்த திட்டத்துல பாப்போம்" என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். சந்துப் பிள்ளைகள் எங்கே போகும், எதிரே உன் பெயருக்கு ஒதுக்கீட்டுக் குலுக்கலில் வீடு விழுந்ததே, அந்த அடுக்குமாடி வளாகத்துக்குள் போய் விளையாடின. "நாங்க மாசாமாசம் கட்டுற காசுல வாங்கின சறுக்கு, கண்டவங்க பிள்ளை வந்து தேய்க்குது" என்று அங்கே சத்தம் கிளம்பியது. இலையுதிர் காலத்தில் வளாகத்தின் பக்கவாட்டில் இரும்புக் கதவு வந்துவிட்டது, குடியிருப்பவர்களுக்குக் கொடுத்த அட்டையை வைத்தால்தான் திறக்கும். பின்மலைக்குப் போகும் பாதை அந்த வழியாகத்தானே போகிறது. வளாகம் கட்டும்போது பாதையை ஊருக்குத் திறந்து வைப்போம் என்றார்கள், நகராட்சியின் நடைபாதை வரைபடத்தில் இன்னும் அங்கே பச்சைக்கோடு ஓடுகிறது.

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவின் இடது காலை மீட்டுத் தந்தது அந்த மலைதான். விடியும் முன் ஊற்றடி வரை ஏறி, அங்கே நட்டிருக்கும் உடற்பயிற்சிச் சக்கரத்தைச் சுற்றி, கை தட்டிக்கொண்டே பின்னோக்கி நடந்து அங்கு வரும் பெண்களைச் சிரிக்க வைத்துவிட்டு இறங்குவார். கைத்தடியைத் தூக்கி எறியப்போகிறேன் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். கதவு வந்த புதிதில் காவலாளி பில்கோன் தன் அட்டையை வைத்துத் திறந்து, "அண்ணே, சட்டுனு போயிடுங்க, நான் உங்களைப் பாக்கவே இல்ல" என்பார். பிறகு யாரோ கேமராவில் பார்த்துவிட்டார்கள், "என்னை அனுப்பிடுவாங்கண்ணே" என்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். வளாகத்தில் உன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களிடம் ஒரு அட்டை கேட்கட்டுமா என்றேன், "வாடகைக்கு விட்ட வாசல்ல போய்க் கை நீட்டுவியா, வேற வேலை இல்ல உனக்கு" என்று அப்பா அதட்டினார். நகராட்சிக்கு மனு எழுதுகிறேன் என்றேன், அதையும் வேண்டாம் என்றார். நடைபாதை இல்லாத பெரிய சாலை வழியாக மலையைச் சுற்றிப் போகத் தொடங்கினார். முதல் உறைபனி விழுந்த அன்று சிமெண்டு லாரிக்கு ஒதுங்கப்போய் வடிகாலில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்தார்கள். வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடந்தாலே பெரிது, மலையை மறந்துவிடுங்கள் என்று வைத்தியர் அவர் எதிரிலேயே சொல்லிவிட்டார்.

போன வாரம் பாதை விஷயமாக நகராட்சி ஒரு கூட்டம் வைத்தது. கல்லூரி வரை போய்ப் படித்த முதல் ஆள் நம் குடும்பத்தில் நான்தான், ஆனாலும் வகுப்பில் ஒருநாள் கை தூக்கியதில்லை, அது உனக்குத் தெரியும். அன்று எழுந்து நின்று அப்பாவுக்கு நடந்ததைச் சொன்னேன். வளாகத்துச் சங்கத் தலைவி கியுங்ரான் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அக்கா, கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா வீட்டுக்காரங்க ஓட்டுப் போட்டுத்தானே கதவு வச்சோம். உங்க மகளும் சம்மதம்னுதான் போட்டிருக்கா" என்றாள். பின்னால் யாரோ, "முதல்ல வீட்டுக்குள்ள பேசி முடிங்க, அப்புறம் ஊருக்கு வாங்க" என்றதும் சிரிப்பு கேட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஓட்டுக்காக உன் தொலைபேசிக்கு வந்த அதே செய்தியை வளாகத்தில் ஒருவரிடம் வாங்கிப் பார்த்தேன், பாதுகாப்பு வசதி மேம்பாட்டுக்குச் சம்மதமா என்று மட்டும் இருந்தது, பாதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வேலைக்குப் போகும் வழியில் அழுத்தியிருப்பாய், நானாக இருந்தாலும் அழுத்தியிருப்பேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கதவு வந்தபோதே பில்கோன் சொல்லியிருக்கிறார். அதனால்தான் மனு வேண்டாம், அட்டை வேண்டாம் என்று சாலைப் பக்கம் திரும்பியிருக்கிறார். "பிள்ளை தெரியாம அமுக்கினது, அவ அங்க ஒத்தையில இருக்கா, அவ காதுல போடாத" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தார்.

அவர் சொல்லை மீறித்தான் எழுதுகிறேன். சந்திரப் புத்தாண்டுக்கு முன் மறு ஓட்டு வைக்கச் சொல்லி நகராட்சி கேட்டிருக்கிறது, உன் தொலைபேசிக்கும் வரும். அப்பாவுக்கு இனி அந்தக் கதவு திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். நேற்று சாயங்காலம் கீழ்வீட்டுச் சின்னப்பெண் அந்தக் கதவின் கம்பிக்கு இடையில் முகத்தை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணே, கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே. என் மகள் எந்த ஊரில் இருந்தாலும் குறைவில்லாமல் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பாவிடம் சந்துக் கடையின் நாய்க்குட்டியைப் பற்றிக் கேள், வானிலை பற்றிக் கேள், காலைப் பற்றிக் கேட்காதே, அழவும் செய்யாதே, அவருக்குத் தெரிந்துவிடும். ஓட்டு வந்தால் கடைசி வரி வரை படித்துவிட்டு அழுத்து.

உன் அம்மா