மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்

இன்று காலையிலிருந்து புதுத்தெரு முழுவதும் தார் வாசனை. தெரு முகப்பில் குறுக்கே போட்டிருக்கும் தடுப்பு மரத்தில் கறையான் ஏறாமலிருக்கத் தார் பூசுகிறார்கள். சண்டை முடிந்துவிட்டது. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களின் வரத்தும் நின்றுவிட்டது. இனி இந்த மரம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு நீயும் இல்லை. போன ஐப்பசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் உனக்குத்தான் எழுதுகிறேன். இதை வேறு யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

பட்டணத்தில் ஒரே ஹாஸ்டல் அறையில் படித்த நாம் இருபது வருஷம் கழித்து இதே தெருவில் சேர்வோம் என்று நினைத்ததே இல்லை. நான் வக்கீல் மனைவியாக நடுத்தெருப் பங்களாவில். நீ பெண்கள் பள்ளி டீச்சராக, கடைசிப் பங்களாவின் அவுட்ஹவுஸில் வாடகைக்கு. உன் கணவர் ஆவூர்க்காரர், ரங்கூனில் மரக் கம்பெனியில் குமாஸ்தா.

இந்தத் தெருவை நீ வந்த புதிதிலேயே அளந்துவிட்டாய். சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்கள், வக்கீல்கள், இரண்டு கண்டிராக்டர்கள், பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்தவர்கள். வீட்டுக்கு வீடு தோட்டம், குரோட்டன்ஸ் தொட்டிகள். ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் "உங்கள் வீட்டில் எத்தனை பேர்?" என்றபோது, சமையல்காரரையும் மாட்டுக் கொட்டகையில் படுப்பவரையும் சேர்க்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. நீ சிரித்தாய். "ஒங்க தெருவுல பாதிப்பேரு கணக்குலயே இல்லடி. எல்லாரும் ஒருநாள் சொல்லிக்கிடாம போயிட்டா, காப்பி போடக்கூட ஆளிருக்காது."

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு தெரு மாறியது. பட்டணத்திலிருந்து பயந்து ஓடிவந்தவர்கள் பெட்டி படுக்கையோடு காரில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு மாடியறைகளை ஒழித்துக் கொடுத்தோம். பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து, கல்கத்தா போய், திருச்சி ரயிலில் வந்து இறங்கியவர்கள் வேறு மாதிரி. கிழிந்த துணி, புண் பிடித்த கால். அவர்கள் தெருவுக்குள் வந்தால் வியாதி வரும், திருட்டு வரும் என்றார்கள். அப்படித்தான் மரம் வந்தது, காவலுக்குக் கருப்பையா வந்தார். யார் வீட்டுக்கு என்று கேட்க வேண்டும். ஆளைப் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். ஏற்பாடு செய்த கமிட்டிக்கு என் கணவர்தான் செக்ரெட்டரி.

உன் கணவரிடமிருந்து தகவல் நின்று மாதங்கள் ஆகியிருந்தன. உன்னைத் தேடிவர அவருக்குத் தெரிந்த விலாசம் இந்தத் தெரு ஒன்றுதான். பள்ளிக்கூடம் விட்டதும் நீ நேரே கருப்பையாவிடம் போவாய். ஒருநாள் நானும் கூட இருந்தேன். அவுக செவப்பா இருப்பாக, கொஞ்சம் தொந்தி உண்டு, கையில் கல் மோதிரம், சரிகைத் துண்டு இல்லாமல் வெளியே வர மாட்டாக என்று நீ அடையாளம் சொல்லிக்கொண்டே போனாய். கருப்பையா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அம்மா, அம்புட்டுத் தூரம் நடந்து வாரவுகளுக்குத் தொந்தி இருக்குமாங்க?"

நீ மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாய். உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"அண்ணே, நான் சொன்னதெல்லாம் மறந்துருங்க," என்றாய் கடைசியில். "யாரு வந்தாலும், யாரு வீட்டைக் கேட்டாலும், எங்கிட்ட அனுப்பிருங்க. நான் பாத்துக்கிடுறேன்."

மறுநாளிலிருந்து அவுட்ஹவுஸ் வாசலில் கஞ்சிப் பானை ஏறியது. தெரு கொதித்தது. எங்கள் வராந்தாவில் கூட்டம் போட்டார்கள். எல்லோரையும்விட அதிகமாகப் பேசியவர் மாடி வீட்டம்மா, ஓய்வுபெற்ற தாசில்தாரின் மனைவி. அவருடைய ஒரே மகனும் ரங்கூனில்தான் இருந்தான், பெரிய ஆபீஸில். "எம் பிள்ளை வந்தா கார்ல வருவான். மரத்துக்கிட்ட நின்னு பேரு சொல்ற நெலமை அவனுக்கு வராது," என்றார். உன்னை வீட்டைக் காலி செய்யச் சொல்லும்படி பங்களாக்காரரிடம் கேட்டுக்கொள்வதென்று முடிவாயிற்று.

நீ வாசற்படிக்குக் கீழேயே நின்றிருந்தாய். யாரும் உன்னை உட்காரச் சொல்லவில்லை. "போகச் சொன்னா போறேங்க. அவுக வந்து சேந்த மறுநாள் போறேன்," என்று மட்டும் சொன்னாய்.

அடுத்து வந்த ஒரு சனிக்கிழமை. உன் வாசலில் நான் தொன்னை எடுத்துக் கொடுக்க, நீ கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாய். கருப்பையா அனுப்பிய நான்கைந்து பேர் குந்தியிருந்தார்கள். வற்றிப்போன, தாடி வைத்த ஒருவர் தொன்னையை நீட்டாமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரிடமும் கேட்பதுபோலவே அவரிடமும் கேட்டாய்: "எந்த ஊருங்க?"

"ஆவூருதான்," என்றார். "இன்னமும் கஞ்சியக் கொழைய விட்டுத்தான் எறக்குறியா?"

நீ அழவில்லை. மிச்சமிருந்தவர்களுக்கும் ஊற்றி முடித்துவிட்டுத்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். சொன்னபடியே மறுநாள் வீட்டைக் காலி செய்துகொண்டு கோயில் பக்கம் குடிபோனாய். நீ கண்ணை மூடிய பிறகு அவர் ஆவூருக்கே திரும்பிவிட்டார்.

மாடி வீட்டம்மா இன்னும் காத்திருக்கிறார். திருச்சி ரயில் வரும் நேரத்துக்குத் தினமும் ஸ்டேஷனுக்குக் கார் போகிறது, காலியாகத் திரும்புகிறது. எலும்பும் தோலுமாகிவிட்டார். வாசலில் என்னைப் பார்த்தால், "வக்கீலய்யாவுக்குத் தகவல் ஏதும் வந்துச்சா?" என்று கேட்கிறார்.

போன வாரம் கருப்பையா என்னிடம் தனியாக வந்து சொன்னார். மரம் போட்ட புதிதில், நீ அவரிடம் பேசுவதற்கு முன்பு, காய்ச்சலில் நடுங்கியபடி ஒருவன் வந்தானாம். இடுப்பில் கோணிச் சாக்கு. மாடி வீட்டுக்குப் போக வேண்டும் என்றானாம். தாசில்தார் வீட்டுக்கு இப்படி ஒரு ஆளா என்று இவர் சத்திரத்துக்கு விரட்டியிருக்கிறார். எப்படி இருந்தான், என்ன வயசு என்று கேட்டேன்.

"அதுதாங்கம்மா எனக்குத் தெரியலை. நான் மொகத்தைப் பாக்கலை. சாக்கைத்தான் பாத்தேன்."

சத்திரத்தில் போய் விசாரித்தேன். அந்த நாட்களில் வந்தவர்கள் அநேகம், போய்ச் சேர்ந்தவர்களும் அநேகம், யாருக்கும் நினைவில்லை. அவன் அந்த மகனாக இல்லாமலும் இருக்கலாம். பெரிய வீட்டின் பேரைச் சொல்லிச் சோறு கேட்டு வந்த எத்தனையோ பேரில் ஒருவனாக இருக்கலாம். இப்படித்தான் இரவும் பகலும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தெருவில் யார் எதிரே வந்தாலும் என் கண் துணிக்குப் போகாமல் நேரே முகத்துக்குப் போகிறது. அந்த முகத்தில் தாசில்தாரின் மூக்கும் நெற்றியும் இருக்கின்றனவா என்று தேடுகிறது. வருகிற எவரும் தேடுகிறவராக இருக்கலாம் என்று பார்க்கும் இந்தப் பழக்கம் உன்னிடமிருந்து எனக்கு வந்தது. உனக்கு அது கஞ்சி ஊற்றும் தைரியத்தைக் கொடுத்தது. எனக்குப் பயத்தைத்தான் கொடுத்திருக்கிறது.

நீயாக இருந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லியிருப்பாய். நான் ஒரு வாரமாக அந்த வீட்டு வாசல் வரை போய்த் திரும்புகிறேன். சொன்னால் அந்தக் கார் நிற்கும். அதோடு அந்த அம்மாவின் மூச்சும் நின்றுவிடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் தினமும் அந்தக் கார் போவதை நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நேற்று சாயங்காலம் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு, தனியாகப் போய் நிற்கக் கஷ்டமாக இருக்கிறது, நாளைக்கு ரயிலுக்கு நீங்களும் கூட வருகிறீர்களா என்று கேட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் கார் வந்துவிடும். சொல்லத்தான் போகிறேன். போகும்போது சொல்வதா, திரும்பும்போது சொல்வதா என்பதுதான் தெரியவில்லை.