சக்கரம் மறையும் வரை

தென்காசி
14.06.2025

அன்பு மச்சானுக்கு மெஹர் பானு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஹுஸ்னாவும் மாமியும் நல்ல சுகம். உங்கள் சுகத்தையும் அல்லாஹ் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் “சரி சரி, வேலை இருக்கு” என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே! சனோபர் அக்கா வீட்டுக்காரர் நாளைக்கு நீங்கள் இருக்கும் தம்மாமுக்குப் புறப்படுகிறார். அவர் கையில் நார்த்தங்காய் ஊறுகாயும் இதுவும் வருகின்றன. ஊறுகாயைத் திறக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இங்கே சாரல் பிடித்துவிட்டது. குற்றாலம் ரோட்டில் ஒரே வேன் கூட்டம். துணி காய மூன்று நாள் ஆகிறது. “எம்மவன் ஒலி இந்தச் சாரலுக்கு வாரானா இல்லையாட்டி?” என்று மாமி காலையும் மாலையும் கேட்கிறார். நீங்கள் உங்கள் விடுப்பைக் கூட வேலை பார்க்கிற ஹம்தானுக்கு விட்டுக்கொடுக்கப் போவதை நான் அவரிடம் சொல்லவில்லை. “அங்கன வந்து பிள்ளைய அழ வைக்கதுக்கு இங்கனயே கிடக்கேன்” என்றீர்களே, அதையும் சொல்லவில்லை. வியாழக்கிழமைக்குள் ஆபீசில் பதில் சொல்ல வேண்டுமாம் உங்களுக்கு. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஆட்கள் பயன்படுத்துவதற்கு முன்னால் ஒரு வெப்சைட்டைப் புரோகிராம் வைத்துப் பயன்படுத்திப் பார்ப்பது. அதுவே பெட்டிகளை நிரப்பும், பொத்தானை அமுக்கும். சரியாக நடந்தால் பச்சை, தப்பினால் சிவப்பு. “எல்லாம் அதுவே அமுக்குதுன்னா நீ எதுக்குட்டி அங்க?” என்று கிண்டல் செய்வீர்களே, அந்த வேலைதான்.

போன வாரம் அதில் ஒரு கூத்து. டாக்டரைப் பார்க்க நேரம் பதிகிற ஒரு பக்கம். பொத்தானை அமுக்கினால் நடுவில் ஒரு சக்கரம் சுற்றும். அது மறைந்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். ‘சக்கரம் இல்லையென்றால் மேலே போ’ என்று நான் எழுதியிருந்தேன். எல்லாம் பச்சை காட்டியது, எனக்கும் ஒரே பெருமை. ஆனால் பதியப் போன ஜனங்களுக்கோ சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது! நாகர்கோவிலில் இருக்கிற எங்கள் டீம் லீடர் பென்னி சார் கூப்பிட்டார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் எடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, “மெஹர், பொத்தான அமுக்கின உடனே உங்க புரோகிராம் பாக்குது. சக்கரம் வரவே அரை செகண்ட் ஆகும். அது போகல, இன்னும் வரல, அவ்வளவுதான்” என்றார். முதலில் அது வரும்வரை நில், பிறகு போகும்வரை நில் என்று மாற்றி எழுதினேன். இரண்டே வரி.

மாற்றிவிட்டு லேப்டாப்பை மூடி வைத்து அழுதேன் மச்சான். எனக்குத் திருவனந்தபுரம் ஏர்போர்ட் ஞாபகம் வந்துவிட்டது.

நாலு மாதக் கைக்குழந்தையாக விட்டுப் போன ஹுஸ்னாவை, போன வருஷம் மூன்று வயதில் அங்கே பார்த்தீர்கள். சாக்லேட்டை வாங்கிக்கொண்டு சிரித்தாள், உங்கள் இடுப்பில் ஏறினாள். “பாத்தியா, எம்மவளுக்குப் பயமே இல்ல” என்று செங்கோட்டை வரும்வரை ஒரே பீற்றல். பயம் அப்போது வரவே இல்லை, மச்சான். வீட்டுக்கு வந்து நீங்கள் கைலி மாற்றிக் கட்டிலில் சாய்ந்த பிறகுதான் வந்தது. “இந்த மாமா எப்ப உம்மா அவங்க வீட்டுக்குப் போவாங்க?” என்று கேட்டாள். அப்புறம் இருபத்தோரு நாளும் பீரோவுக்குப் பின்னால்தான் குடித்தனம். ஐந்தருவியில் நீங்கள் தூக்கப் போய் அவள் போட்ட கூச்சலில், குளிக்க வந்த கூட்டமெல்லாம் உங்களைப் பிள்ளை பிடிக்கிறவனைப் போல் பார்த்ததே! அன்றைக்கு நீங்கள் சாப்பிடவே இல்லை.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

நீங்கள் விமானம் ஏறிய மூன்றாம் நாள் காலையில் ஹுஸ்னா பீரோவுக்குப் பின்னால் போகவில்லை. ஒவ்வொரு அறையாகத் தேடினாள். பாத்ரூம் வாசலில் கிடந்த உங்கள் நீல ரப்பர் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, “வாப்பா செருப்ப விட்டுட்டுப் போயிட்டாங்க, அங்க கால் சுடுமே” என்றாள். வாப்பா என்றாள் மச்சான். அன்றைக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தனியாக அறையில் கிடக்கிற மனுஷன் இதைக் கேட்டால் தாங்கமாட்டீர்கள் என்று மறைத்தேன். அது பாதிதான் உண்மை. ‘பிள்ளைக்கு நான் வேண்டாம்’ என்று என்னிடமும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனீர்களே, அந்தக் கோபமும்தான். என்னை மன்னித்துவிடுங்கள். அந்தச் செருப்பு இன்றும் அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு டப் டப்பென்று வீடு முழுக்க நடக்கிறாள். வீடியோவில் உங்கள் முகம் தெரிந்ததும் கழற்றி ஒளித்துவிடுகிறாள், பொல்லாதவள்.

முன்பெல்லாம் நான் ‘ஐந்து செகண்ட் நில்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன். சில நாள் அது போதாது, ஆறாவது செகண்டில்தான் சக்கரம் போகும். நீங்கள் இருபத்தோரு நாள் நின்றீர்கள். அவளுக்கு இருபத்து நாலு நாள் ஆயிற்று. அவ்வளவுதான் நடந்தது.

இந்த முறை நாற்பது நாள் விடுப்பு உண்டு என்றீர்கள். வாருங்கள். சாக்லேட்டை நீட்ட வேண்டாம், தூக்கவும் வேண்டாம். ஹாலில் உட்கார்ந்து உங்கள் செருப்பைக் கேளுங்கள். அவளாக எடுத்துத் தரும்வரை வெறுங்காலோடு நடங்கள். நாளை எண்ணாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எந்தப் புரோகிராமும் காலம் முழுக்கக் காத்து நிற்காது. இவ்வளவு நேரம் என்று ஒரு கெடு வைப்போம், தாண்டினால் சிவப்புதான். எனக்கும் ஒரு கெடு இருக்கிறது. அது எவ்வளவு என்று எழுதமாட்டேன்.

உம்மா என்ன எழுதுகிறாய் என்று ஹுஸ்னா பக்கத்தில் வந்து நிற்கிறாள். வாப்பா செருப்பைக் கேட்கிறார்கள், கொடுத்து அனுப்பவா என்றேன். கட்டிலுக்கு அடியில் ஓடி, இரண்டையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். “தர மாட்டேன்னு எழுது. வேணும்னா வந்து வாங்கிக்கிடட்டும்” என்கிறாள்.

எழுதிவிட்டேன். அல்லாஹ் உங்களைப் பத்திரமாக எங்கள் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மெஹர்