ஹெர்ஷ் கடைச் சுவரில் என் படம்

புரூக்ளின்,
நவம்பர் 12, 1971

என் அன்பு ஷிஃப்ராவுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. நீயும் ஆவ்ரமும் பிள்ளைகளும் அந்த மெல்போர்னில் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் தினசரி வேண்டுதல். வெயிலில் தொப்பி இல்லாமல் பிள்ளைகளை விடாதே. இனி உன் தம்பி செய்த வேலையைச் சொல்கிறேன், கேள். போன ஞாயிறு ஹெர்ஷ் மன்ஹாட்டனில் சாப்பாட்டுக் கடை திறந்தான். பேகல் ரொட்டி வளையத்தைப் பிளந்து கிரீம் சீஸ் தடவி உப்பிட்ட சால்மன் மீனை வைத்துத் தருவதுதான் கடையின் பெருமை. உள்ளே நுழைந்தால் சுவர் நடுவே நான்! என்னைக் கேட்காமல் என் அலமாரியிலிருந்து எடுத்த, என் இருபத்திரண்டு வயதுப் படம். கீழே, பூர்வீக ஊரான லோம்ஜாவில் எங்கள் அம்மா ஞாயிறுதோறும் பரிமாறிய காலை உணவு என்று எழுதியிருக்கிறான். லோம்ஜாவில் சால்மனைக் கண்ணால் கண்டவர் யார்? ஹெர்ரிங் மீனும் வெங்காயமும் கிடைத்தாலே விருந்து. பேகல் மட்டும்தான் நம்மோடு கப்பலேறி வந்தது. அந்தச் சீஸ் இந்த ஊர்ச் சரக்கு, மீனோ இந்த நாட்டின் மேற்குக் கடற்கரையிலிருந்து உப்புப் பீப்பாய்களில் ரயிலில் வந்தது. ஐஸ் இல்லாமலே கெடாது, விலை மலிவு, மீனோடு பால் பொருள் சேர்க்க நம் யூத விதியில் தடையும் இல்லை, அதனால் ஏழைகள் தின்றோம், அவ்வளவுதான்.

மேசையில் திராட்சை போட்ட பேகல், அதன் மேல் ரோஜா நிறச் சீஸ், அதன் மேல் மீன். தூ! ரோமக் கோட்டுப் போட்ட ஒருத்தி என் கையைப் பிடித்து, இந்த வாசனைக்கு உங்க ஊர் ஞாபகம் வருமே அம்மா என்றாள். வருது, குமட்டிக்கிட்டு வருது என்றேன். ஹெர்ஷ் ஓடி வந்து, அம்மா, பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க, கொஞ்சம் வாய மூடேன் என்று காதைக் கடித்தான். எனக்கு வந்ததே கோபம். எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். நீ வயிற்றில் இருந்தபோது இந்த ஊர் மீன் கடை ஒன்றின் நிலவறையில் கூலிக்கு அந்த மீனை உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்து அலசியதை, விரல் வெடிப்பில் உப்பு ஏறியதை, நான் வாந்தியெடுக்கக் குனிந்தபோது மேஸ்திரி, பீப்பாய் பக்கம் வேணாம், அந்தப் பக்கம் திரும்பி எடு என்று கத்தியதை, அதற்குப் பிறகு இந்த நாற்பது வருடமாக ஒரு துண்டு வாயில் வைக்காததை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் படத்தைக் கழற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அவன் வெட்கப்பட்டிருப்பான் என்றுதானே நினைப்பாய்? புதன்கிழமை தொலைபேசியில் குதிக்கிறான். நான் பேசியது அப்படியே பத்திரிகையில் வந்ததாம், அதை வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டானாம். அம்மா, வரிசை தெருமுனை தாண்டுது, மறுபடி ஒருநாள் வந்து திட்டேன் என்கிறான்! என் வாந்தியைக் கேட்டுப் பசி எடுக்கிற ஜனங்கள். ஃபோனை வைத்துவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். நான் கிளம்பும்போது கடை வாசலில் படத்தைத் தாளில் சுற்றித் தந்த பணிப்பெண் காகிதப் பொட்டலம் ஒன்றையும் பையில் போட்டிருக்கிறாள். வெறும் பேகல், வெள்ளைச் சீஸ், மெல்லிய துண்டு மீன். குப்பையில் போடத்தான் பிரித்தேன். நின்றபடியே முழுவதையும் தின்று தீர்த்தேன், ஷிஃப்ரா. அவ்வளவு நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடவுள் உங்கள் வீட்டை நிறைவாக வைக்கட்டும். தம்பிக்குக் கடிதம் போட்டால் இதை எழுதிவிடாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஃப்ரூமா